வில்லன்களும் பாதுகாப்பான தெருக்களும்

'ஃபோல்அவுட்' கணினி விளையாட்டு வரிசையில் மிக மோசமான வில்லன் யார் என்ற விவாதம், 1997இல் முதல் விளையாட்டு வெளிவந்த காலந்தொட்டு ஓயவில்லை. 2077 ஒக்ரோபர் 23இல் அணுகுண்டுகளால் அழிந்துபோவதாகச் சொல்லப்படும் அமெரிக்காவில், மிஞ்சியவர்கள் குழுக்களாகப் பிரிந்து மோதுகிறார்கள். இக்குழுக்களை 'இயக்கங்கள்' என்றெழுதவே எமக்குக் கை வருகிறது. எழுதியபின் சற்றுத் தயங்குகிறது.

முதல் விளையாட்டின் மாஸ்ரரையே நாம் இன்னமும் உயர்வாக மதிக்கிறோம். வேற்றுமைகளாலேயே போர் மூள்கிறது, ஆகவே மனிதர் யாவரையும் ஒரே விகார இனமாக மாற்றிவிட்டாற் போர் ஒழியும் என்பது அவரது வாதம். அப்புது இனத்துக்குப் பிள்ளைகள் பிறவா என்பதை ஆதாரத்தோடு காட்டினால், மனமுடைந்து தம்மையே அழித்துக்கொள்கிறார். தன் கொள்கை பிழையென ஒப்புக்கொள்ளும் தலைவர்! (அந்த விளையாட்டில் மிகப் பெரிய கற்பனை இதுதான் என்று எமக்குப் பட்டது.) 1998இல் வந்த இரண்டாவதில், பழைய அரசின் எச்சமான என்கிளேவ் தம்மவர் தவிர்ந்த அனைவரையும் கொல்லத் திட்டமிடுகிறது. அவர்களின் ஹொரிகனிடம் பேச்சு எடுபடாது, சண்டை மட்டுந்தான். 2015இன் நான்காவதில் வரும் இன்ஸ்ரிரியூட், மனிதரைக் கடத்திப் பதிலாட்களை வைப்பது எதற்காக என்பதைத் திருப்தியாகச் சொல்லவேயில்லை. அதைப்பற்றி அதிகம் பேச எதுவுமில்லை.

உண்மையான சச்சரவு 2010இன் 'நியூ வேகாஸ்' பற்றியது. அதன் சீசர், எட்வேர்ட் சலோ என்ற பெயரில் ஒரு தொண்டு அமைப்பில் இருந்தவர். பழங்குடிகளின் பேச்சைப் படிக்கப் போனவர், பிடிபட்ட இடத்தில் அவர்களுக்கே போர்க்கலை கற்பித்து, எண்பத்தாறு குடிகளை விழுங்கி ஒரே படையாக்கினார். பெண்கள் அடிமைகள். ஆயினும் அவர் பக்கம் வாதாட இரசிகர்கள் இருக்கிறார்கள்: அவரது நிலத்திற் கொள்ளையர் இல்லை, வணிகர் பயமின்றிப் போய்வரலாமாம்.

எதிர்த்தரப்பான புதிய கலிபோர்னியக் குடியரசில் தேர்தல் உண்டு, சட்டம் உண்டு. பிற்றர் ஸ்பிரிங்ஸும் உண்டு. கான்கள் என்னும் குழுவை அங்கு சுற்றிவளைத்தபோது, கணவாய் வழியே தப்பியோடிய பெண்களையும் பிள்ளைகளையும் முதியோரையும் குடியரசுப் படை சுட்டுத் தள்ளியது. சுட்டவர்களுள் ஒருவனான பூன், தன் மனைவி சீசரின் ஆட்களிடம் விற்கப்பட்ட கதையையும் சுமந்து எங்களோடு நடக்கிறான். அதே பிற்றர் ஸ்பிரிங்ஸ்தான் கதை நிகழும் காலத்தில் குடியரசு நடத்தும் அகதி முகாம். புதைகுழிகளுக்குப் பக்கத்திற் கூடாரங்கள். இதனை எழுதியவர்கள் முகாம் என்றால் என்னவென்று அறிந்தவர்களாக இருக்கவேண்டும்.

'குடியரசும் கொன்றது, ஆகவே இரண்டும் ஒன்றே' என்ற வாதம் எமக்கு உடன்பாடில்லை. பிற்றர் ஸ்பிரிங்ஸைக் குடியரசின் சிப்பாயே வெட்கத்தோடு சொல்கிறான். சீசரின் பாசறையில் வெட்கப்படுபவர் எவரையும் நாம் காணவில்லை.

கிழக்கே விரியும் சீசரின் ஊர்களைக் காட்டும் எண்ணம் விளையாட்டை ஆக்கியோருக்கு இருந்தது. காலம் போதாமற் கைவிட்டனர். காட்டியிருந்தால் அவர் தரப்பு நியாயம் துலங்கியிருக்கும் என்கிறார்கள். ஆனால் பாசறையில் முதுகு வளைய மூட்டை சுமந்து செல்லும் பெண்களை நாம் ஏற்கெனவே கண்டிருக்கிறோம். அந்தப் பாதுகாப்பான தெருக்களில் அவர்களும்தான் நடக்கிறார்கள்.