மகள் அறைக்குச் சுண்ணாம்பு

போகிக்கு முன்னால் சுவரைச் சுரண்டி வெள்ளையடிப்பது கீழ்பென்னாத்தூர் பக்கம் இன்னும் விட்டுப்போகாத வழக்கம். பத்தாவது படிக்கும் மகள் இம்முறை தன் அறையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். எமல்ஷன் வேண்டாம், சுண்ணாம்புதான், அதில் கொஞ்சம் நீலம் என்றாள்.

கல்சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றியதும் அது கொதித்துப் பொங்குவதைப் பாடமாகப் படித்தவள், அன்று தள்ளி நின்று நேரில் பார்த்தாள். ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, கையில் ஒட்டாமலிருக்க வஜ்ஜிரம் காய்ச்சிக் கலந்தோம். நார்மட்டையால் முதல் கை மேலிருந்து கீழாக, இரண்டாம் கை குறுக்காக. ஈரத்தில் சுவர் மங்கலாகத்தான் தெரியும். "அப்பா, ஒண்ணுமே பிடிக்கலையே" என்று முகம் சுண்டினாள். காயக் காயத்தான் வெண்மை எழும்பும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு சுண்ணாம்பு சுவரிலேயே மறுபடி கல்லாக இறுகுகிறது. அந்த வெண்மையின் குளிர்ச்சியை எந்த டப்பா பெயின்ட்டும் தருவதில்லை என்பேன்.

மேசையை ஒட்டிய சுவரில் மட்டும் நீலத்தைக் கூட்டிக்கொண்டாள். அவள் ரசனை என்னுடையதைவிட நல்லது.

நீங்களும் பிள்ளைகளோடு சேர்ந்து அடித்துப் பாருங்கள். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.