மறைந்த ஆணையும் அறிந்த விதியும்: இணையத் தடைக்கு எதிரான பரப்புரை – சுண்ணாம்புக்குளத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

இணையத் தணிக்கைக்கு எதிரான பரப்புரை இந்தியாவில் பெரும்பாலும் நகர்சார்ந்த கருத்துரிமைச் சிக்கலாகவே பேசப்படுகிறது. பழவேற்காடு ஏரிக்கரையில் அமைந்த சுண்ணாம்புக்குளம் போன்ற மீனவ ஊர்களின் நிலையிலிருந்து நோக்கும்போது, அப்பரப்புரையின் வலிமையும் விடுபடலும் ஒருங்கே புலப்படுகின்றன.

2020: இரு தடைகள்

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வரைவு 2020 மார்ச்சில் வெளியானது. பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கான முன்னறிவிப்புக் காலத்தை அது 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைத்தது. ஏரிக்குத் தெற்கேயுள்ள காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் போன்ற திட்டங்களில் மீனவர் தம் எதிர்ப்பைச் சட்டப்படி பதிவுசெய்யும் முதன்மை வாயில் இக்கருத்துக்கேட்பே. எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் வரைவை மொழிபெயர்க்குமாறு டெல்லி உயர்நீதிமன்றம் 2020 ஜூன் 30 அன்று ஆணையிட்டது. அடுத்த மாதமே, வரைவை எதிர்த்த ‘ஃப்ரைடேஸ் ஃபார் ஃபியூச்சர் இந்தியா’, ‘லெட் இந்தியா பிரீத்’, ‘தேர் இஸ் நோ எர்த் பி’ ஆகிய தளங்கள் முடக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. முதல் தளம் தொடர்பாகச் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தைச் சுட்டி அனுப்பிய அறிவிப்பை டெல்லி காவல்துறை பின்னர்த் திரும்பப் பெற்றது.

சட்டத்தின் உள்முரண்

தளங்களை முடக்கும் அதிகாரத்தைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு நடுவணரசுக்கு அளிக்கிறது. காரணங்கள் எழுத்தில் பதிவாவதால் அவற்றை வழக்கில் எதிர்க்கலாம் என்பது, ஸ்ரேயா சிங்கால் வழக்கில் (2015) உச்சநீதிமன்றம் இப்பிரிவை ஏற்றமைக்கான அடிப்படைகளுள் ஒன்று. ஆனால் 2009ஆம் ஆண்டு விதிகளின் 16ஆம் விதி முறையீடுகளையும் நடவடிக்கைகளையும் கமுக்கமாக வைக்கப் பணிக்கிறது. காணாத ஆணையை எதிர்ப்பது எங்ஙனம்?

ஏரியின் விதி

பழவேற்காட்டு மீனவர் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு ‘பாடு’ எனப்படும். அதனை இலட்சிய நிலையாகக் கருத இயலாது; பாட்டுரிமை இல்லாத சமூகத்தாரை அது விலக்கியும் வைத்துள்ளது. எனினும் எவர்க்கு எந்நாள் எவ்விடம் என்பது ஊரறிந்த செய்தி. அறிந்த விதியாதலால், விலக்கப்பட்டோரும் அதனோடு வாதிட இயல்கிறது. தணிக்கை ஆணையில் இல்லாதது இவ்வியல்பே.

பரப்புரையின் விடுபடல்

முடக்கத்திற்கு எதிரான குரல், தளங்கள் மீளத் திறக்கப்பட வேண்டும் என்பதையே முதன்மைப்படுத்தியது. மொழிபெயர்ப்புக் கோரிக்கை தனி வழக்காக நடந்தது. தமிழில் வாராத வரைவும் திறவாத தளமும் மீனவர்க்கு ஒரே விளைவையே தருகின்றன: தம் நீர்ப்பரப்பைப் பற்றிய முடிவு அவர்க்குத் தெரியாமலேயே உருவாகிறது. முன்னதற்குத் தணிக்கை எனும் பெயர் இல்லை. ஆதலின் பரப்புரையின் பட்டியலிலும் அதற்கு இடமில்லை.

முடிவுரை

முடக்கும் ஆணையைக் காரணத்துடன் வெளியிடுக என்னும் கோரிக்கையும், வாழ்வைத் தொடும் வரைவை மக்கள்மொழியில் தருக என்னும் கோரிக்கையும் அறியும் உரிமை என்னும் ஒன்றன் இரு கூறுகள். இவற்றை இணைக்கும்போதே இணைய உரிமைப் பரப்புரை ஏரிக்கரைக்கும் உரியதாகும்.