யாருக்குப் பாதுகாப்பு?

நம் வீட்டுச் சாமான்கள் எல்லாம் கொஞ்ச காலமாகக் கிருமிகள் மேல் படையெடுத்துக்கொண்டிருக்கின்றன. காய்கறி நறுக்கும் பலகை, பல் பிரஷ், ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, சுவருக்கு அடிக்கிற பெயின்ட், பாப்பாவின் வாட்டர் பாட்டில், அப்பாவின் சாக்ஸ் என்று எதை எடுத்தாலும் ஒரு மூலையில் கேடயம் படம் போட்டு 'ஆன்டி பாக்டீரியல்' என்று எழுதியிருக்கிறது. கூடவே தவறாமல் '99.9%'. 2020-ல் கொரோனா வந்த கையோடு சட்டை, மெத்தை, பிளைவுட் எல்லாம்கூட 'ஆன்டி வைரல்' என்று பதவி உயர்வு பெற்றன.

"உள்ளயே மிக்ஸ் பண்ணி வருது சார், கழுவினாலும் போகாது" என்பார் கடைக்காரர். பெரும்பாலும் அதில் பொய் இல்லை. பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கும்போதே வெள்ளி, துத்தநாகம், டிரைக்ளோசான் மாதிரி ஏதாவது ஒரு கிருமிக்கொல்லியைச் சேர்த்துவிடுகிறார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக மேல்பரப்புக்கு வந்து, அங்கே ஒட்டுகிற கிருமிகளை வளரவிடாமல் தடுக்கும். பெயின்டில் கலப்பதும் துணியில் ஏற்றுவதும் ஏறக்குறைய இதே கதைதான்.

பொய் இல்லை என்றால் பிறகென்ன பிரச்னை? அந்த லேபிளை இன்னொரு தடவை நிதானமாகப் படியுங்கள். 'பாதுகாப்பு' என்று இருக்கிறது. எதிலிருந்து? பாக்டீரியாவிலிருந்து. சரி, யாருக்கு? அந்த ஒரு வார்த்தையை மட்டும் காணோம். காலி இடத்தை நாமே நம் பெயரைப் போட்டு நிரப்பிக்கொள்கிறோம்.

சரியான விடை: பலகைக்கு!

நான் கிண்டல் செய்யவில்லை. அமெரிக்காவில் சட்டமே இப்படித்தான் இருக்கிறது. அங்கே கிருமியைக் கொல்கிற சமாசாரம் எல்லாம் சட்டத்தின் கண்ணில் பூச்சிக்கொல்லி. கொசு மருந்து, எலி மருந்து வகையறா. சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையிடம் ஆதாரம் காட்டிப் பதிவு செய்யாமல் விற்க முடியாது. ஆனால் ஒரு சலுகை உண்டு. சேர்க்கிற மருந்து பதிவானதாக இருந்து, அது சாமானைக் காப்பாற்ற மட்டும்தான் (பூசணம் பிடிக்காமல், நாற்றம் அடிக்காமல், கறை படியாமல்) என்றால் அந்தச் சாமானைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டாம். உபயோகிக்கிறவரைக் காப்பாற்றும் என்று சொல்லாத வரைக்கும்தான் இந்தச் சலுகை. சொன்னால் மாட்டினார்கள்.

மாட்டினார்கள். 1997-ல் பொம்மைக் கம்பெனி ஹாஸ்ப்ரோ, டிரைக்ளோசான் கலந்த பிளேஸ்கூல் பொம்மைகள் குழந்தைகளை நோய்க்கிருமிகளிலிருந்து காக்கும் என்கிற மாதிரி விளம்பரம் செய்தது. ஆதாரம் எங்கே என்று அரசாங்கம் கேட்டது. விவகாரம் 1,20,000 டாலர் அபராதத்தில் முடிந்தது. 2008-ல் கலிஃபோர்னியாவில் ஒரு கம்பெனி, தன் கம்ப்யூட்டர் மவுஸிலும் கீபோர்டிலும் நானோ வெள்ளிப் பூச்சு இருப்பதால் கிருமி அண்டாது என்றது. 2,08,000 டாலர் கட்டியது.

இதற்குப் பிறகு கம்பெனிகள் திருந்தினவா? இல்லை, இலக்கணம் படித்தன. 'உங்களைப் பாதுகாக்கும்' என்ற வாக்கியத்திலிருந்து 'உங்களை' மட்டும் உதிர்ந்தது. 'பாதுகாக்கும்' பத்திரமாக இருக்கிறது. அட்டையின் பின்பக்கம் கடுகு சைஸ் எழுத்தில், இது உபயோகிப்பவரை நோயிலிருந்து காக்காது, வழக்கம்போல் கழுவவும் என்று சிலர் போடுகிறார்கள். முன்பக்கம் கேடயம், பின்பக்கம் கைவிரிப்பு. நம் ஊர் அட்டைகளில் பின்பக்கத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறீர்கள்? நானும் தேடுகிறேன், கேடயம்தான் அடிக்கடி கண்ணில் படுகிறது.

அடுத்தது அந்த 99.9. இது எங்கிருந்து வருகிறது தெரியுமா? பிளாஸ்டிக் மாதிரி பரப்புகளைச் சோதிக்க ஜப்பானியர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். 2007-ல் அதுவே சர்வதேசத் தரமாகவும் ஆனது. மருந்து கலந்த துண்டு ஒன்று, கலக்காத துண்டு ஒன்று. இரண்டின் மேலும் பாக்டீரியா நிறைந்த திரவத்தைச் சொட்டுவார்கள். காய்ந்துவிடாமல் மேலே மெல்லிய பிலிம் போட்டு மூடுவார்கள். 35 டிகிரி வெப்பம், 90 சதவிகிதத்துக்குக் குறையாத ஈரப்பதம். அப்படியே 24 மணி நேரம். பிறகு எடுத்து எண்ணி, மருந்து இல்லாத துண்டோடு ஒப்பிட்டுச் சொல்கிற கணக்குதான் சதவிகிதம்.

ஆய்வுக்கூடத்தில் இது நியாயமான சோதனை. ஆனால் நம் சமையலறையில் நடப்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை பலகையில் கோழியை வெட்டுகிறோம். ஐந்து நிமிஷத்தில் அதே பலகையில் வெங்காயமும் வெள்ளரிக்காயும் பச்சடிக்கு வருகின்றன. பலகையின் மேல் கொழுப்பும் சதைத் துணுக்கும். கிருமி பிளாஸ்டிக்கைத் தொட்டால்தானே மருந்து வேலை செய்யும்? கொழுப்புக்கு மேல் சொகுசாக உட்கார்ந்திருக்கிற கிருமிக்குக் கீழே வெள்ளி இருந்தால் என்ன, தங்கம் இருந்தால் என்ன? இருபத்து நான்கு மணி நேரம் காத்திருந்து பச்சடி செய்கிறவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

சரி, 99.9 உண்மை என்றே வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் பாக்டீரியாவில் மிச்சம் ஆயிரம். ஈ.கோலை மாதிரி ஒரு பாக்டீரியா நல்ல சாப்பாடும் இதமான சூடும் கிடைத்தால் இருபது நிமிஷத்தில் இரண்டாகிவிடும். ஆயிரம் மறுபடி பத்து லட்சம் ஆக பத்துத் தடவை இரட்டித்தால் போதும். இருநூறு நிமிஷம். மதியச் சாப்பாட்டுக்கும் சாயந்திரக் காபிக்கும் நடுவில் கணக்கு நேராகிவிடும்.

மொட்டை மாடித் தொட்டியிலும் இதே சங்கடம்தான். உள்சுவரில் கிருமித் தடுப்பு லேயர் இருக்கலாம். ஆயிரம் லிட்டரில் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிற தண்ணீர் கொஞ்சம். நடுவில் இருப்பதற்கு அந்த லேயரோடு அறிமுகமே இல்லை. நாலு மாதத்தில் சுவர் மேலேயே வண்டலும் வழவழப்பும் படிந்து லேயரை மூடிவிடும். தொட்டியைக் கழுவ ஆள் கூப்பிடத்தான் வேண்டும்.

சாமானில் கலப்பதை விடுங்கள். நேராகக் கையில் தேய்க்கிற ஆன்டி பாக்டீரியல் சோப்பாவது வீட்டில் நோயைக் குறைக்கிறதா? நியூயார்க்கில் 238 குடும்பங்களை 48 வாரம் தொடர்ந்து கவனித்து 2004-ல் ஓர் ஆய்வு வெளியானது. பாதிப் பேருக்குக் கிருமிக்கொல்லி சேர்த்த சோப்பும் கிளீனரும், மீதிப் பேருக்குச் சாதாரணம். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. சளி, காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு எதிலும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. 2016-ல் அமெரிக்க உணவு, மருந்துத் துறை டிரைக்ளோசான் உட்பட 19 பொருள்களைக் கைகழுவும் சோப்பிலிருந்து நீக்கச் சொன்னது. சாதா சோப்பையும் தண்ணீரையும்விட இது மேல் என்றோ, வருஷக்கணக்கில் தினம் தேய்த்தால் ஆபத்தில்லை என்றோ கம்பெனிகள் நிரூபிக்கவில்லை என்பது காரணம். கவனியுங்கள், தடை சோப்புக்கு. பலகையும் சாக்ஸும் வேறு இலாகா. அவை தப்பித்துக்கொண்டன.

'பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே, பத்து ரூபாய் கூட, அவ்வளவுதானே' என்பீர்கள். அவ்வளவுதான் என்றால் இந்தப் பக்கத்தை இதற்கு ஒதுக்கியிருக்க மாட்டேன்.

டிரைக்ளோசான் 1972-ல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது அறுவை சிகிச்சைக்கு முன்னால் டாக்டர்கள் கை கழுவுவதற்காக வந்தது. அது கிருமியைச் சம்மட்டியால் அடிப்பது மாதிரி மொத்தமாக நசுக்குகிறது, எனவே கிருமிகள் எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொள்ள வழியே இல்லை என்று ரொம்ப நாள் நம்பினார்கள். 1998-ல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் லெவி குழு அது சம்மட்டி இல்லை, சாவி என்று காட்டியது. கிருமி தனக்கான கொழுப்பைத் தயாரிக்க உதவும் ஒரே ஒரு என்ஸைமைத்தான் அது பூட்டுகிறது. பூட்டைக் கொஞ்சம் மாற்றிக்கொண்ட கிருமி பிழைத்துவிடுகிறது. அடுத்த வருஷம், காசநோய்க் கிருமியின் சாதுவான உறவுக்காரக் கிருமி ஒன்றில், ஐசோனியாசிட் மருந்து எந்த என்ஸைமைத் தாக்குமோ அதையேதான் டிரைக்ளோசானும் தாக்குகிறது என்று அதே குழு கண்டது. ஐசோனியாசிட் காசநோய்க்கான முதல் வரிசை மருந்து. இந்தச் சோப்பைப் போட்டால் டி.பி. மாத்திரை வேலை செய்யாது என்று இதற்கு அர்த்தம் செய்யாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் கண்டது அது. ஆனால் ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு உதவ வேண்டிய ஆயுதத்தைப் பொம்மைக்கும் பலகைக்கும் கலந்து, கிருமிகளுக்கு இருபத்து நான்கு மணி நேரமும் டியூஷன் எடுப்பது புத்திசாலித்தனமா?

கழுவினாலும் போகாது என்றார் அல்லவா கடைக்காரர்? 2008-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெள்ளி ஏற்றிய ஆறு வகை சாக்ஸை வாங்கித் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சில வகை கெட்டியாக வைத்திருந்தன. சிலவற்றில் நாலைந்து அலசலிலேயே வெள்ளி ஏறக்குறைய முழுக்கத் தண்ணீரோடு போய்விட்டது. அந்தத் தண்ணீர் எங்கே போகும்? 2011-ல் வெளியான ஓர் ஆய்வு காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி மூன்றிலும் டிரைக்ளோசான் இருப்பதைக் காட்டியது. நம் சோப்பும் பேஸ்ட்டும் போய்ச் சேர்ந்த இடம். ஆற்றில் நாம் கொல்ல விரும்பாத உயிர்களும் இருக்கின்றன. பாசிக்கு டிரைக்ளோசான் நல்லதல்ல. பாசியைத் தின்றுதான் பல மீன்கள் வாழ்கின்றன. 2017-ல் இருநூறுக்கும் அதிகமான விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் கையெழுத்துப் போட்டு, தேவை நிரூபிக்கப்படாத இடத்தில் இதைக் கலக்காதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள்.

இதனால் கிருமித் தடுப்பு என்பதே மோசடி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மழைக்காலத்தில் கறுப்பு பூத்துப்போகிற பாத்ரூம் சுவருக்குப் பூசணத் தடுப்பு பெயின்ட் நல்ல உபயோகம்தான். அது சுவரைக் காப்பாற்றுகிறேன் என்கிறது, காப்பாற்றுகிறது. செம்பு இன்னும் ஒரு படி மேல். 2008-ல் அமெரிக்க அரசாங்கம் செம்பு உலோகக் கலவைப் பரப்புகள் இரண்டு மணி நேரத்தில் 99.9 சதவிகித பாக்டீரியாவைக் கொல்லும் என்று பகிரங்கமாகச் சொல்லிக்கொள்ள அனுமதி தந்தது. பித்தளைக் குடத்தில் வைத்த தண்ணீரில் ஈ.கோலை இரண்டு நாளில் மறைந்ததை ஆங்கிலேய விஞ்ஞானி ராப் ரீட் 2005-ல் அறிவித்தார். செப்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தால் வயிற்றுப்போக்குக் கிருமிகள் சாகின்றன என்று பெங்களூரில் செய்த ஆய்வு 2012-ல் வந்தது. பாட்டிகளுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் பாட்டி அந்தக் குடத்தை என்ன செய்தாள்? புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தாள். 'இதுதான் தானாகவே கிருமியைக் கொல்லுமே' என்று சும்மா விடவில்லை. களிம்பும் அழுக்கும் போனால்தான் உலோகம் தண்ணீரைத் தொடும். அமெரிக்க அரசாங்கமும் செம்புக்கு அனுமதி தரும்போது இதையேதான் நிபந்தனையாகப் போட்டது: சுத்தம் செய்வதற்குக் கூடுதல் துணை, அதற்குப் பதில் அல்ல. நிரூபித்துக் காட்டிய செம்பே இவ்வளவு அடக்கமாகப் பேசுகிறது. நிரூபிக்காத பிளாஸ்டிக்குக்கு எதற்கு இத்தனை பெரிய கேடயம்?

எனக்குப் பயம் இங்கேதான். கேடயத்தைப் பார்த்தவுடன் கை தானாகத் தளர்கிறது. கோழி வெட்டிய பலகையைச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறவர், 'ஆன்டி பாக்டீரியல்தானே' என்று ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு வெங்காயத்தை எடுப்பார். அன்று ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரப்போவது பலகை அல்ல, வீட்டில் இருக்கிற நாலு வயசுக் குழந்தை.

அடுத்த முறை கடையில் கேடயம் போட்ட சாமானை நீட்டினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "யாருக்குங்க பாதுகாப்பு?" அவர் யோசிக்கிற நேரத்தில் பக்கத்து அலமாரியிலிருந்து பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பலகை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். உங்களையும் அது பார்த்துக்கொள்ளும் என்று எந்தக் கம்பெனியும் எழுதித் தரவில்லை.