குதிரைகள் பெருகினால் கார் சிறக்குமா?

எங்கள் கல்லூரி மாணவர் ஒருவர் ஒருநாள் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களின் விவரங்களை நோட்டில் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார். இரண்டும் ஜப்பானியக் கார்கள். இரண்டும் 1989-இல் வெளிவந்தவை. ஒன்று மாஸ்டா எம்.எக்ஸ்-5, குதிரைத்திறன் 116. மற்றது நிஸ்ஸான் 300 இசட்.எக்ஸ்., இரட்டை டர்போ வகை, குதிரைத்திறன் 300. “அப்படியானால் இரண்டாவது கார் முதலாவதைவிட இரண்டரை மடங்கு சிறந்ததுதானே, சார்?” என்று கேட்டார்.

இந்தக் கார்களை நம்மில் பெரும்பாலோர் படத்தில்தான் பார்த்திருப்போம். ஆனால் அந்த மாணவரின் கேள்வி, கார் வாங்குவோரையும் அதைச் செய்யும் கம்பெனிகளையும் பல ஆண்டுகளாக ஆட்டிவைக்கும் கேள்வி. நடுத்தர வருவாய் உள்ளவர் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் காரில், கம்பெனிகள் மேன்மேலும் குதிரைத்திறனைத் தேடிப் போக வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அதற்கான காரணங்கள் நீங்கள் பள்ளியில் படித்த இயற்பியலிலேயே இருக்கின்றன.

முதலில், குதிரைத்திறன் என்றால் என்ன? ஜேம்ஸ் வாட் வகுத்த கணக்குப்படி, ஒரு நிமிடத்தில் 33,000 அடி-பவுண்டு வேலை செய்தால் அது ஒரு குதிரைத்திறன். நம் அலகில் 746 வாட். அதாவது வேலை எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பதன் அளவு. ஓடும் காரில் இதையே ‘விசை × வேகம்’ என்றும் எழுதலாம். இந்தச் சிறிய சமன்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டயர் போடும் வரம்பு

இயந்திரம் எவ்வளவு திறன் தந்தாலும் அது தரையை அடைவது டயர் வழியாகத்தான். உள்ளங்கை அகலமே உள்ள நான்கு ரப்பர்த் திட்டுகள்தாம் காருக்கும் சாலைக்கும் உள்ள தொடர்பு. எம்.எக்ஸ்-5 காரை, ஓட்டுபவருடன் சேர்த்து 1,000 கி.கி. என்று வைத்துக்கொள்வோம். இதில் பின்சக்கரங்களே உந்துகின்றன. வேகம் எடுக்கும்போது எடையில் ஏறத்தாழ 55 சதவீதம் அவற்றின்மேல் விழுவதாகவும், உராய்வுக் குணகம் 0.9 என்றும் கொள்வோம். அப்போது டயர் தாங்கக்கூடிய உந்து விசை சுமார் 4,850 நியூட்டன்.

இனி நம் சமன்பாட்டைப் போடுங்கள். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டரில், இந்த விசைக்குத் தேவையான திறன் 48,500 வாட். வெறும் 65 குதிரைத்திறன். அதற்கு மேல் எதைக் கொடுத்தாலும் சக்கரம் வழுக்கிச் சுழலும், ரப்பர் தேயும், கார் விரைந்து செல்லாது. மணிக்கு 60 கி.மீ. வேகத்திலும் ஏறத்தாழ 108 குதிரைத்திறனே போதும். அந்த வேகம் வரை, சரியான கியரில் ஓட்டினால், 116 என்பதே டயரின் வரம்பைத் தொட்டுவிடுகிறது. நகரச் சாலையில் 300 குதிரைகளைப் பூட்டினால் பெரும்பாலானவை சும்மா நிற்கும்.

வளைவுக்கு வாருங்கள். ஸ்போர்ட்ஸ் காரின் இன்பமே வளைவில்தான் என்பார்கள். 50 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவில், அதே உராய்வுக் குணகத்துடன் எவ்வளவு வேகமாகத் திரும்பலாம்? உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம், ஆரம் ஆகிய மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். நொடிக்கு 21 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 76 கி.மீ. வரும். இந்தக் கணக்கில் குதிரைத்திறன் எங்கே வருகிறது? எங்குமே இல்லை. 116 குதிரைத்திறன் காரும் 300 குதிரைத்திறன் காரும் அந்த வளைவில் ஒன்றே.

நிறையும் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகிறதே என்று கூர்மையான வாசகர் கேட்கலாம். புத்தகக் கணக்கில் அப்படித்தான். உண்மையான டயரில், சுமை கூடக்கூட உராய்வுக் குணகம் சற்றுக் குறைகிறது. ஆகவே ஒரே டயரை மாட்டினால் இலேசான காருக்கே வளைவில் வெற்றி.

திறனோடு வரும் எடை

அதிகத் திறன் சும்மா வருவதில்லை. பெரிய இயந்திரம் வேண்டும். அதைத் தாங்க வலுவான கியர்ப் பெட்டி வேண்டும். கூடுதல் வெப்பத்தை வெளியேற்றப் பெரிய ரேடியேட்டர் வேண்டும். வேகம் கூடினால் நிறுத்தவும் வேண்டுமே! மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து பிரேக் பிடித்து நிற்க, அதே உராய்வில், சுமார் 44 மீட்டர் போதும். 130 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 74 மீட்டர் தேவை. எனவே பெரிய பிரேக், அகலமான டயர். இவை அனைத்துக்கும் எடை உண்டு, விலையும் உண்டு. எடை ஏறியதும் முன்னிருந்த திறன் போதவில்லை என்று தோன்றும். மறுபடியும் இயந்திரத்தைப் பெரிதாக்குவார்கள்.

இது வெறும் கற்பனை அன்று. மாணவர் காட்டிய நிஸ்ஸானின் மூதாதையைப் பாருங்கள். 1969-இல் வெளிவந்த டட்சன் 240 இசட், சுமார் 1,050 கி.கி. எடையும் 150 குதிரைத்திறனும் உடையது. அமெரிக்காவில் அதன் தொடக்க விலை 3,526 டாலர். இளைஞர்கள் விரும்பி வாங்கினார்கள். இருபது ஆண்டுகளில் குதிரைத்திறன் 300 ஆயிற்று. எடையோ ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிட்டது. டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று வகுத்துப் பார்த்தால், இருமடங்குக்குப் பதில் மூன்றில் ஒரு பங்குதான் உயர்வு. (பழைய எண், துணைக் கருவிகளைக் கழற்றிவிட்டு அளந்த மொத்தத் திறன். ஆகவே உண்மையான உயர்வு இதைவிடச் சற்றுக் கூடுதல்.)

விலை? 1990-இல் இரட்டை டர்போ வகைக்கு சுமார் 33 ஆயிரம் டாலர். விலைவாசி உயர்வைக் கணக்கிட்டால், பழைய காரின் விலை 1990-இல் 12 ஆயிரம் டாலருக்குச் சமம். ஆக, ஏறத்தாழ மூன்று மடங்கு! யென் நாணயத்தின் மதிப்பு உயர்ந்ததும் இதற்கு ஒரு காரணம். வசதிகள் பெருகியதும் ஒரு காரணம். ஆனால் திறனைத் துரத்தியதும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. 1996-இல் அந்தக் காரின் அமெரிக்க விற்பனை நின்றது. யாருக்காகத் தொடங்கினார்களோ அந்த இளைஞருக்கு அது எட்டாமற் போய்விட்டது.

116 குதிரைத்திறன் எம்.எக்ஸ்-5 என்ன ஆயிற்று? 1989-இல் அதன் விலை 13,800 டாலர். 2016-இல் அதன் உற்பத்தி பத்து இலட்சத்தைத் தாண்டியது.

எதிர்க்கட்சியின் நியாயம்

இவ்வளவு சொன்ன பிறகு, எதிர்த் தரப்பின் நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். மணிக்கு 60 கி.மீ. வேகத்துக்கு மேல் டயர் வரம்பாக இருப்பதில்லை. அங்கே திறன்தான் பேசும். நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்தும்போது, எதிர்ப்பக்கத்தில் கழியும் ஒவ்வொரு நொடியும் ஆபத்தானது.

டொயோட்டா 86 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2012-இல் அது 200 குதிரைத்திறனுடன் வந்தது. நிமிடத்துக்கு 4,000 சுற்றுகளை ஒட்டி அதன் இயந்திரம் சோர்ந்துவிடுகிறது என்று பலர் குறைகூறினர். அந்தக் குறை நியாயமானது. 2021-இல் வந்த ஜி.ஆர். 86 காரில் 2 லிட்டர் இயந்திரம் 2.4 லிட்டராயிற்று, குதிரைத்திறன் 228. ஆனால் பார்க்க வேண்டிய எண் அதுவன்று. திருப்பு விசை 205-லிருந்து 250 நியூட்டன்-மீட்டராக உயர்ந்தது. முன்பு 6,400 சுற்றுகளில் கிடைத்த உச்சம் இப்போது 3,700 சுற்றுகளிலேயே கிடைக்கிறது. அன்றாடம் ஓட்டும்போது உதவுவது இந்த மாற்றம்தான். கூரையை அலுமினியத்தில் செய்து, எடை அதிகம் ஏறாமலும் பார்த்துக்கொண்டார்கள்.

மாஸ்டாவும் 2019-ஆம் ஆண்டு மாடலில், 2 லிட்டர் இயந்திரத்தின் திறனை 155-லிருந்து 181-க்கு உயர்த்தியது. எப்படி? ஒவ்வொரு பிஸ்டனிலும் 27 கிராமைக் குறைத்தார்கள். பிஸ்டனைத் தாங்கும் தண்டிலும் எடையைக் குறைத்தார்கள். இயந்திரம் நிமிடத்துக்கு 7,500 சுற்றுகள் வரை சுழல இதுவும் வழிவகுத்தது. எடையைக் குறைத்தே திறனைப் பெறும் இந்த வழியை நான் குறைகூற மாட்டேன்.

உச்ச வேகத்துக்காகத் திறனைக் கூட்டுவதோ வீண் வேலை. காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன், வேகத்தின் மும்மடியாக உயர்கிறது. குதிரைத்திறனை இருமடங்காக்கினாலும் உச்ச வேகம் சுமார் 26 சதவீதமே கூடும். மாஸ்டாவின் பழைய காரே மணிக்கு 180 கி.மீ. வேகத்தைத் தாண்டும். அதற்கு மேல் ஓட்டப் பொதுச் சாலை எங்கே இருக்கிறது?

ஆகவே கம்பெனிகள் முதலில் எடையைக் குறைக்கட்டும். அடுத்துத் திருப்பு விசையை எல்லாச் சுற்றுகளிலும் பரவலாகக் கிடைக்கச் செய்யட்டும். விலை ஏறாமல் அதற்குப் பின்னும் கூடுதல் திறன் கிடைத்தால் வரவேற்போம்.

மாணவரிடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, பக்கத்தில் இன்னும் இரண்டு பத்திகள் போடச் சொன்னேன்: ஒன்றில் காரின் எடை, மற்றொன்றில் விலை. மறுநாள் அவரே வகுத்துப் பார்த்துவிட்டு வந்தார். நீங்களும் விளம்பரத்தில் ஒரு குதிரைத்திறன் எண்ணைக் கண்டால், நம்புவதற்கு முன் அந்த இரண்டு பத்திகளையும் நிரப்பிப் பாருங்கள்.