இப்னு கல்தூன்: பெருமைக்கா, படிப்புக்கா?

சமூகவியல் பற்றி எம்மவர்கள் எழுதினாலும் பேசினாலும் ஒரு வசனம் தவறாமல் வந்துவிடும்: சமூகவியலின் தந்தை ஒகஸ்ட் கொம்ட் அல்ல, இப்னு கல்தூனே. கணக்கு சரிதான். முகத்திமாவின் முதல் வரைவு 1377இல் முடிந்துவிட்டது. கொம்ட் ‘சமூகவியல்’ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததோ 1830களின் கடைசியில். ஆனால் அந்த வசனத்தோடு எங்கட கதையும் முடிந்துவிடுகிறது. முந்தியவர் யார் என்று தெரிகிறது. அவர் என்ன சொன்னார் என்று தெரிவதில்லை.

ஒரு சமூகம் எதனால் சேர்ந்து நிற்கிறது, எதனால் குலைகிறது? சமூகவியலின் பெரிய கோட்பாடுகள் எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றியே வருகின்றன. உற்பத்திச் சாதனங்கள் யார் கையில் என்று பார்க்கச் சொன்னார் மார்க்ஸ். மனிதர் தம் செயலுக்குக் கொடுக்கும் அர்த்தத்தை விளங்கச் சொன்னார் வெபர். ஒரே மாதிரி வாழ்பவரின் ஒற்றுமை வேறு, வெவ்வேறு தொழில் செய்து ஒருவரில் ஒருவர் தங்கியிருப்பவரின் ஒற்றுமை வேறு என்று 1893இல் பிரித்துக் காட்டினார் டுர்கைம்.

இப்னு கல்தூனின் விடை ‘அஸபிய்யா’, அதாவது குழுப்பிணைப்பு. பாலைவனத்துக் கஷ்டத்தில் அது இறுகி ஆட்சியைப் பிடிக்கிறது. நகரத்துச் சொகுசில் தளர்கிறது. தலைமுறைக்கு 40 வருடமாக மூன்று தலைமுறையில், ஏறத்தாழ 120 வருடத்தில், ஆட்சி தேய்ந்துபோகிறது. வட ஆபிரிக்க அரசுகளில் பதவி வகித்து, அவை எழுந்ததையும் விழுந்ததையும் கிட்ட நின்று கண்டவரின் கணிப்பு இது. அதை அப்படியே எடுத்து ஒரு வியாபாரச் சமூகத்துக்குப் போட்டுப் பார்த்தால் பொருந்தாது. நகர வாழ்வு பழைய பிணைப்பை அவிழ்ப்பதோடு வேறொரு பிணைப்பையும் முடிகிறது என்பதை டுர்கைமிடம்தான் படிக்க வேண்டும். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதே பிரயோசனம்.

ஆனாலும் முகத்திமாவில் எங்களை உறுத்த வேண்டிய இடம் ஒன்று உண்டு. மார்க்கம் அஸபிய்யாவுக்குப் பலம் சேர்க்கும். ஆனால் அஸபிய்யா இல்லாமல் மார்க்க அழைப்பும் நிறைவேறாது என்கிறார். நல்ல நிய்யத்தோடு தீமையைத் தடுக்க எழுந்தவர்களில் பலர், பின்னால் ஒரு கூட்டத்தின் பலம் இல்லாததால் அழிந்துபோனதையும் சுட்டிக்காட்டுகிறார். இதைச் சொன்னவர் மார்க்கம் தெரியாதவர் அல்ல. கெய்ரோவில் மாலிகி மத்ஹபின் காழியாக இருந்தவர்.

நாமோ ஊர் இரண்டுபட்டால் ஈமான் குறைந்துவிட்டது என்று குத்பாவில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். யார் யாரோடு சம்பந்தம் செய்கிறார்கள், கடன் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, நம்பிக்கையாளர் சபையில் எந்தக் குடும்பங்கள் அமர்கின்றன, எந்தத் தெருவுக்கு அங்கே ஆளே இல்லை என்று விசாரிப்பதில்லை. விசாரித்தால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் இப்னு கல்தூன் செய்தது அந்த விசாரணையைத்தான். அதைச் செய்யாதவரை, அவரைத் தந்தை என்று அழைப்பதில் எமக்கு என்ன பாத்தியதை?