உச்ச வேகம் அளவுகோல் ஆகாது

திருவனந்தபுரத்தின் தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், 2011 மே 2 அன்று சாகா-220 என்ற மீத்திறன் கணினி செயல்பாட்டுக்கு வந்தது. 400 சியான் செயலிகளும் 400 டெஸ்லா சி2070 வரைகலைச் செயலிகளும் கொண்ட அதன் உச்ச வேகம் விநாடிக்கு 220 லட்சம் கோடி கணக்குகள். மின்தேவை 150 கிலோவாட் என்று இஸ்ரோ அறிவித்தது. வகுத்தால் ஒரு வாட்டுக்கு, விநாடிக்குச் சுமார் 147 கோடி கணக்குகள் வருகின்றன. ஆனால் இது உச்சநிலைக் கணக்கு. ராக்கெட்டைச் சுற்றிப் பாயும் காற்றைக் கணக்கிடும்போது உண்மையில் கிடைக்கும் வேகத்தையும் செலவாகும் மின்சாரத்தையும் கடிகார வேகம், இழைகளின் எண்ணிக்கை, நினைவகப் பயன்பாடு போன்ற அமைவுகளே தீர்மானிக்கின்றன.

அமைவுகளுக்கும் வேகம், மின்சாரம் ஆகியவற்றுக்கும் உள்ள அந்த உறவைச் சமன்பாடாக்கும் மாதிரியின் பலம் பெரிது. பத்து அமைவுகளுக்கு நான்கு நிலைகள் வீதம் இருந்தால் 10,48,576 சேர்க்கைகள். எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க இயலாது. தேர்ந்தெடுத்த சிலவற்றை அளந்தே மாதிரி மற்றவற்றை மதிப்பிடுகிறது. காரணத்தையும் விளக்குகிறது. செயலியின் மின்திறன் கடிகார வேகத்தோடும், மின்னழுத்தத்தின் இருமடியோடும் ஏறுகிறது. வேகத்தைக் குறைத்தால் மின்திறன் இறங்கும். ஆனால் வேலை நீளும், அதுவரை விசிறியும் நினைவகமும் மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்கும். காற்றோட்டக் கணக்குகளில் செயலி பெரும்பாலும் நினைவகத்துக்காகக் காத்திருப்பதால், வேகத்தைச் சற்றுக் குறைப்பது அங்கே லாபம். எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்பதை மாதிரி காட்டும்.

குறைகளும் கடுமையானவை. காற்றோட்டத்தைக் கணக்கிட வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் ஒரு வலைக்கண்ணிக்கு அளந்து கண்ட உகந்த அமைவு வேறொன்றுக்குப் பொருந்தாமல் போகலாம். செயலியின் மின்சாரத்தை மட்டும் அளந்தால், தும்பாவின் கடலோர வெக்கையில் குளிரூட்டலுக்கு ஆகும் செலவு விடுபட்டுப்போகும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது வேறு. டெஸ்லா சி2070-இல் நினைவகப் பிழைதிருத்தம் என்றோர் அமைவு உண்டு. அதை இயக்கினால் 6 ஜிபி நினைவகத்தில் 5.25 ஜிபிதான் கைக்கு வரும். வேகமும் சற்றுக் குறையும். நேரத்தையும் மின்சாரத்தையும் மட்டுமே அறிந்த மாதிரி, அதை அணைத்துவிடு என்றே சொல்லும். அணைத்தபின் நினைவகத்தில் ஒரு பிட் புரண்டு அழுத்த மதிப்பு ஒன்று தவறினாலும் அந்த மாதிரிக்குத் தெரியாது. ராக்கெட்டை வடிவமைப்பவருக்கு அது தெரிந்தே ஆகவேண்டும்.

ஆகவே இந்த முறையைக் கைவிட வேண்டியதில்லை. வரிசையை மாற்ற வேண்டும். எந்த அமைவைத் தொடக்கூடாது என்பதைப் பொறியாளர்கள் முதலில் வரையறுக்கட்டும். எஞ்சியவற்றில், சரிபார்க்கப்பட்ட ஒரு விடைக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகிறது என்பதே அளவுகோலாகட்டும். பிழைவரம்பு சொல்லாத, வேலை மாறும்போது மீண்டும் அளக்கப்படாத மாதிரியை நம்பி பொதுப்பணத்தில் ஓடும் இயந்திரத்தை இயக்கக்கூடாது.