மோவாப் சுட்ட எலும்பு

அந்நிய நாடுகள் மீதான எபிரேயத் தீர்க்கதரிசனங்களுக்கு உரை சொல்கிறவர்கள் பெரும்பாலும் கணக்குப்பிள்ளை வேலைதான் பார்க்கிறார்கள். நினிவே கி.மு. 612இல் விழுந்தது, நாகூம் சொன்னது பலித்தது என்று வரவு வைக்கிறார்கள். தீரு பட்டணத்தில் கணக்கு உதைக்கிறது. நேபுகாத்நேச்சார் அதை அழிப்பான் என்கிறது எசேக்கியேல் 26ஆம் அதிகாரம். 29ஆம் அதிகாரமோ, பாடுபட்டும் அவனுக்குக் கூலி கிடைக்கவில்லை, பதிலாக எகிப்தை எடுத்துக்கொள்ளட்டும் என்கிறது. புத்தகமே மறைக்காததை இவர்கள் ஏன் மூடி மறைக்க வேண்டும்?

பலித்ததா என்பதல்ல என் கேள்வி. யார் காதில் விழச் சொன்னது?

கி.மு. 8ஆம் நூற்றாண்டு ஆமோஸ். ஆடு மேய்த்தவர், காட்டத்திப் பழத்தோடு பாடுபட்டவர். தமஸ்கு, காசா, அம்மோன் என்று சுற்றியுள்ள நாடுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுச் சாத்துகிறார். கேட்கிற இஸ்ரவேலுக்குக் குஷி. மோவாப் என்ன குற்றம் பண்ணியது? ஏதோம் ராஜாவின் எலும்பைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கியது. இதில் இஸ்ரவேலுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நம்மாளுக்குச் செய்தால்தான் குற்றம் என்கிற நியாயம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. இதை எதிரிக்கு விட்ட சாபம் என்று பிரசங்கம் பண்ணுகிறவர்களை என்ன சொல்ல?

கடைசியில் சுருக்கு இஸ்ரவேல் கழுத்திலேயே விழுகிறது. ஏழையை ஒரு ஜோடிச் செருப்புக்கு விற்றீர்களே என்கிறார். பழைய தமிழ் பைபிளில் 'பாதரட்சை'. செருப்புங்க அது! விற்கப்பட்டவனுக்குக் கிடைக்காத மரியாதை செருப்புக்குக் கிடைத்திருக்கிறது.

தீரு, ஏதோம், யூதா பகுதிகள் பிற்சேர்க்கை என்று ஆய்வாளர் பலர் சொல்வதை நானும் ஏற்கிறேன். அவற்றை எடுத்துவிட்டாலும் சுருக்கு தளரவில்லை. பெத்தேல் ஆசாரியன் அமத்சியாவுக்கு அது நன்றாகவே புரிந்தது. இது ராஜாவின் கோயில், பிழைப்பை உன் ஊரில் போய்ப் பார் என்று விரட்டினான்.